கடலை மணக்கும் கறுப்பு பீர்: டர்பனில் எதை வாங்குவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வரும் நம்மூர் ஆட்கள் லாகரில் (வழக்கமான பொன்னிற பீரில்) சலித்துப்போன பிறகு கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கறுப்பா, கெட்டியா, கடலை வாசம் வர்ற மாதிரி, கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஒரு பீர் இருந்தா சொல்லுங்கண்ணே." டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த என் மனைவியின் அண்ணன்மாரும் இதையேதான் வேறு மாதிரிக் கேட்கிறார்கள்.

கேள்வி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் நிறம், மணம், போதை என்று மூன்று ஆசைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பாட்டிலில் சமமாக அமைவது அபூர்வம், அதனால் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடலை மணம்தான் முக்கியம் என்றால் போதையை விட்டுக்கொடுங்கள். ஐந்து, ஆறு சதவீதத்தில் கிடைக்கிற அந்த மணம், பத்து சதவீதத்தில் பெரும்பாலும் மூழ்கிப்போகிறது.

ஏன் என்று புரிய, அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கறுத்த, கெட்டியான பீர் வகைக்கு ஸ்டவுட் என்று பெயர். பெரும்பாலான ஸ்டவுட்டில் வேர்க்கடலையும் கிடையாது, பாதாமும் கிடையாது. வாற்கோதுமையை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, பிறகு சூட்டில் வறுக்கிறார்கள். அதுதான் மால்ட். சூடு ஏறும்போது தானியத்திலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-ல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையாரின் பெயராலேயே இந்த வினையை அழைக்கிறார்கள். அப்படி உண்டாகிறவற்றில் பைரசின்கள் என்று ஒரு குடும்பம் உண்டு. வறுத்த கடலையின் வாசத்துக்கும் காப்பிக்கொட்டை வாசத்துக்கும் அவைதான் பெரும் காரணம்.

வாணலியில் மணல் போட்டுக் கடலை வறுப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை வாசம் போய், தோல் செம்பழுப்பாகி, மணம் தெருவுக்கு வரும் ஒரு நேரம் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கருகல்தான். மால்ட்டும் அப்படியே. வெளிர் மால்ட்டில் ரொட்டி வாசம். கொஞ்சம் கூடுதலாக வறுத்த அம்பர் மால்ட்டிலும் பழுப்பு மால்ட்டிலும் கடலை, பிஸ்கட் வாசம். சாக்லேட் மால்ட் என்று பெயர் வாங்கியதில் (சாக்லேட் எதுவும் சேர்ப்பதில்லை) கோகோ. கடைசியில் நிற்கும் கறுப்பு மால்ட்டில் கடுங்காப்பியும் கரியும்.

ஆகவே கடலை மணம் பிறப்பது நடு வறுவலில், பீருக்குக் கறுப்பு நிறம் வருவது கடைசி வறுவலில். 1817-ல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர் உருளை வறுப்பான் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கறுப்பு மால்ட்டைச் சிறிதளவு சேர்த்தாலே பீர் முழுதும் கறுத்துவிடும் என்றாயிற்று. மதுவடிப்பவர்கள் பழுப்பு மால்ட்டைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. கடையில் கறுப்பைப் பார்த்துக் கடலையை எதிர்பார்த்து ஏமாறுவதற்கு இதுதான் மூலகாரணம் என்று நினைக்கிறேன். கின்னஸ் அதற்கு நல்ல உதாரணம்.

முதலில் அதையே பார்த்துவிடலாம், ஏனென்றால் கறுப்பு பீர் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் அது. டப்ளினில் 1759-லிருந்து நடக்கும் ஆலை. கின்னஸின் அடையாளம் முளைகட்டாமல் அப்படியே வறுத்த வாற்கோதுமை. அதனால்தான் அந்த உலர்ந்த, காப்பித்தூள் போன்ற கசப்பு. உள்ளே சின்ன உருண்டை கிடக்கிற டிராஃப்ட் டின்னை வாங்கினால் நைட்ரஜன் வாயுவால் நுரை வெண்ணெயாக இருக்கும், ஆனால் மதுபலம் 4.2 சதவீதத்தை ஒட்டித்தான். பலர் நினைப்பதற்கு மாறாக, அது சாதாரண லாகரைவிட லேசானது. ஃபாரின் எக்ஸ்ட்ரா என்று எழுதிய பாட்டில் வேறு ஜாதி. பல நாடுகளில் 7.5 சதவீதம் வரை போகிறது, அழுத்தமும் புளிப்பும் கூடியது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் இரண்டிலும் கடலை எனக்குக் கிடைத்ததில்லை. கசப்புக் காப்பி தேடுகிறவர் தயங்காமல் வாங்கலாம், கடலை தேடுகிறவருக்கு இது இல்லை.

அடுத்தது கேஸில் மில்க் ஸ்டவுட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கர்களுக்கு எல்லா மதுக்கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பொருள் என்பதால் இதன் அருமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. 1895-ல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய சவுத் ஆஃப்ரிக்கன் புரூவரீஸின் கேஸில் குடும்பத்தில் இதுதான் கறுப்புப் பிள்ளை. 6 சதவீதம். 340 மில்லி டம்பியாகவும் (சின்ன பாட்டில்), 440 மில்லி டின்னாகவும், 750 மில்லி குவார்ட்டாகவும் (பெரிய பாட்டில்) வரும். நாட்டின் வாற்கோதுமையில் பெரும்பகுதி மேற்குக் கேப்பின் கேலடன் பக்கம் விளைகிறது, அங்கே மால்ட் ஆலையும் உண்டு, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி ஜார்ஜ் ஊரை ஒட்டிய பள்ளத்தாக்குகளில் வளர்கிறது.

பெயரில் பால் வந்த கதை இங்கிலாந்தில் இருக்கிறது. 1907-ல் கென்ட் பகுதியின் மக்கெஸன் ஆலை, பால் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்த்து ஒரு ஸ்டவுட் விற்றது. பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸைத் தின்ன முடியாது. அது அப்படியே பீரில் தங்கி, இனிப்பையும் கொழகொழப்பையும் கொடுக்கும். சத்துபானம் என்று ஜனங்கள் நம்பி வாங்க ஆரம்பித்ததால் 1946-ல் பிரிட்டனில் லேபிளிலிருந்து 'மில்க்' என்ற சொல்லை எடுக்கவைத்தார்கள். இங்கே அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்கள் எந்த மில்க் ஸ்டவுட்டாக இருந்தாலும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

சரி, சுவைக்கு வருவோம். இதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பாட்டிலில் வாய்வைத்துக் குடித்தால் இனிப்புக் கஷாயம் மாதிரிதான் இருக்கும். கிளாஸில் ஊற்றுங்கள். நுரை வெள்ளையாக இருக்காது, டீத்தண்ணீரில் நனைத்த துணி நிறத்தில் இருக்கும். கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அடிவிளிம்பில் மாதுளைச் சிவப்பு ஒரு கோடு தெரியும். முதல் முகர்வில் எரித்த சர்க்கரை. அடுத்ததில் பால் காப்பி. கடலை இன்னும் வந்திருக்காது. ஒரு வாய் எடுத்து, நாக்கின் மேல் கொஞ்சம் நிறுத்தி, விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அங்கேதான் இருக்கிறது. வறுத்த வேர்க்கடலையின் செந்தோல் துவர்ப்பும், அதன் பின்னால் எண்ணெய்ப் பசையோடு ஒரு பருப்பு வாசமும். மூக்கால் முகரும்போது சிக்காத மணங்கள் தொண்டை வழியாக மேலேறும்போது சிக்கும். கறுப்பு பீரைச் சுவைக்கத் தெரிந்துகொள்வது என்றால் பாதி இந்த மூச்சுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக் கொல்லையில் பிராய் அடுப்பை (இங்கே கறியைக் கரியில் வாட்டும் அடுப்பை) பற்றவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு இதைச் செய்துகாட்டினேன். வருஷக்கணக்கில் மில்க் ஸ்டவுட் குடிக்கிறவர் அவர். மூச்சை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மச்சான், இதுல நட்ஸ் எதாவது போடுறாங்களா?" என்றார். போடுவதில்லை என்றதும் நம்பாமல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு உள்ளே போய் அத்தை வறுத்து வைத்திருந்த கடலையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, ஒரு கடலை, ஒரு வாய் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பும் மிளகாயும் இல்லாத வெறும் வறுகடலையை இப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உண்மையிலேயே நல்ல பயிற்சி. எதைத் தேடுகிறோம் என்று நாக்குக்கு அடையாளம் காட்டிவிட்டால் அது தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

மகடாமியா வைத்தும் செய்யலாம். உலகத்தில் மகடாமியா கொட்டை அதிகம் விளையும் நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று, நம் குவாசூலு நட்டால் தென்கரையிலேயே தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் மகடாமியாவின் வெண்ணெய்ச் சுவை இந்த பீரின் இனிப்போடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. வேர்க்கடலைதான் சரி.

மூன்றாவது வழி போர்ட்டர். என் மனசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஸ்டவுட்டுக்கு மூத்தது போர்ட்டர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் சுமைதூக்கிகள் குடித்ததால் அந்தப் பெயர் என்பார்கள். அதில் கெட்டியானதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்று விற்று, பின்னால் வால் அறுந்து ஸ்டவுட் மட்டும் மிஞ்சியது. அன்றைய போர்ட்டர் முழுக்க முழுக்கப் பழுப்பு மால்ட்டில் நின்றது. இன்றைய போர்ட்டர்களிலும் நல்லவற்றில் கருகல் பின்னால் நிற்கும், நடு வறுவல் முன்னால் வரும். கடலை மணத்துக்கு இதைவிடத் தோதான வகை இல்லை.

டர்பனிலிருந்து என் 3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக் தாண்டிப் போனால் மிட்லண்ட்ஸில் நாட்டிங்ஹாம் ரோடு என்ற சின்ன ஊர் வரும். அங்கே ராடன்ஸ் ஹோட்டல் வளாகத்தில் 1990-களிலிருந்து நடக்கும் சிறிய ஆலையின் பிக்கிள்ட் பிக் போர்ட்டரைச் சுவைத்துப் பாருங்கள். பன்றிப் படத்தைக் கண்டு சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், அது வெறும் பெயர். மில்க் ஸ்டவுட்டின் இனிப்பு இதில் இல்லை. அதனால் வறுத்த வாசம் மூடுதுணி இல்லாமல் நேராக வந்து நிற்கிறது. மேட்டு நிலத்துக் குளிரில் மத்தியானம் உட்கார்ந்து குடிக்கிறபோது வெப்பநிலையும் தானாகவே சரியாக அமைந்துவிடும். கஷ்டம் என்னவென்றால் டர்பன் கடைகளில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. மேற்குக் கேப் பக்கம் போகிறவர்கள் நைஸ்னாவில் 1983-ல் லெக்ஸ் மிட்சல் தொடங்கிய ஆலையின் ரேவன் ஸ்டவுட்டையும் தேடிப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் சிறு ஆலைகளுக்கெல்லாம் முன்னோடி அந்த ஆலை.

நட் பிரவுன் ஏல் என்று வடக்கு இங்கிலாந்து வகை ஒன்று உண்டு, நியூகாஸில் பிரவுன் மாதிரி. கடலை வாசம் நிச்சயம். ஆனால் கறுப்பும் இல்லை, கெட்டியும் இல்லை, 4.7 சதவீதம்தான். கேட்டது ஸ்டவுட் என்பதால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இனி, ஸ்ட்ராங் கேட்டவர்களுக்கான வழி: இம்பீரியல் ஸ்டவுட். லண்டன் ஆலைகள் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரசவைக்குக் கப்பலில் அனுப்பிய கனத்த பீரின் வாரிசு. 8 முதல் 12 சதவீதம் வரை போகும். சிறு ஆலைகள் குளிர்காலத்துக்கென்று கொஞ்சமாக வடிப்பது, வெளிநாட்டுச் சரக்கு என்று தனிக்கடைகளில் கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். இதில் சிலர் உண்மையாகவே ஹேசல்நட், பீக்கன், வேர்க்கடலை சேர்க்கிறார்கள், அல்லது அவற்றின் சாரத்தை. சாரம் சேர்த்தது முதல் முகர்விலேயே மிட்டாய் போல மணக்கும், பாதிக் கிளாஸுக்குள் திகட்டிவிடும். சேர்க்காத இம்பீரியலில் உலர்திராட்சை, பனைவெல்லம், கறுப்புச் சாக்லேட், ஆல்கஹாலின் சூடு என்று அடுக்கடுக்காக வரும். மிகப் பெரிய அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலை அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நிற்கும். கடலைக்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுப்பது வீண்.

போதைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். 5 சதவீத லாகர் 340 மில்லியில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். அதே அளவு மில்க் ஸ்டவுட்டில் 16 கிராம். 10 சதவீத இம்பீரியல் 330 மில்லி பாட்டிலில் 26 கிராம். அதாவது ஒரு சின்ன பாட்டில் இரண்டு லாகருக்குச் சமம். இந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம்தான் வரம்பு. பிராய்க்கு வந்துவிட்டு ராத்திரி ஃபீனிக்ஸுக்கோ டொங்காட்டுக்கோ திரும்ப ஓட்டிப்போக வேண்டியவர் இம்பீரியலைத் தொடவே கூடாது என்பது என் வீட்டில் சட்டம். மாமா, பெரியப்பா என்று யாருக்கும் விலக்கு கிடையாது.

எதை வாங்கினாலும் டர்பனில் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான்: குளிர். கடலோர வெக்கையில் பீரை ஐஸ் மாதிரிக் கொடுப்பதுதான் இங்கே மரியாதை. லாகருக்கு அது சரி. மூன்று, நான்கு டிகிரியில் ஸ்டவுட்டின் மணம் எழும்பவே எழும்பாது, நாக்கும் மரத்துவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். போர்ட்டருக்கும் மில்க் ஸ்டவுட்டுக்கும் பத்து டிகிரி, இம்பீரியலுக்கு பன்னிரண்டு, பதின்மூன்று. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றி, பிப்ரவரி வெயில் காலம் என்றால் பத்து நிமிஷம், ஜூலை என்றால் இருபது நிமிஷம் மேசையில் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் "சூடாகிடப்போகுது, குடிப்பா" என்று அவசரப்படுத்துவார். கேட்காதீர்கள். பீர் கிளாஸ் இல்லாவிட்டால் வீட்டிலிருக்கும் பிராந்தி கிளாஸ் போதும். அகன்ற வயிறும் குறுகிய வாயுமாக இருப்பது மணத்தைப் பிடித்துவைக்க நல்லது. பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

சாப்பாட்டோடு எப்படி என்றும் கேட்பார்கள். டர்பன் ஆட்டுக்கறிக் குழம்பின் காரம் நம்மூர்க் காரத்தைவிடத் தூக்கலானது. மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், பொங்கும் வாயுவும் கூட்டும், கருகல் கசப்பும் கூட்டும். அதனால் மட்டன் பன்னி சௌவோடு (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) இம்பீரியல் வைப்பது நாக்குக்குத் தண்டனை. கின்னஸும் அங்கே சண்டைபோடும். மில்க் ஸ்டவுட்டின் இனிப்பு மட்டும்தான் காரத்தோடு சமாதானமாகப் போகும், ஆனால் அப்போது கடலையைத் தேட முடியாது. குழம்புக்கு ஈடுகொடுக்கிற பானமாக மட்டும் இருக்கும். கடலை வேண்டுமென்றால் பிராய்தான் இடம். கரியில் வாட்டிய ஆட்டுச் சாப்ஸின் பழுப்பு மேல்தோலிலும் நடப்பது மையார் சொன்ன அதே வினை, ஆகவே போர்ட்டரும் அதுவும் ஒன்றையொன்று தூக்கிவிடும். மசாலாவைக் குறைத்து உப்பு, மிளகு, பூண்டோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. இம்பீரியலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுங்கள், தீபாவளிக்கு வந்த பாதாம் பர்ஃபி ஒரு துண்டோடு. அந்த ஒரு சேர்க்கையில் மட்டும் இம்பீரியலுக்குள் ஒளிந்திருந்த பருப்பு வாசம் வெளியே வந்துவிடுகிறது. இனிப்பின் பாதாம் அதை இழுத்துக்கொண்டு வருகிறதோ என்னவோ.

வாங்கி வைப்பதிலும் வித்தியாசம் உண்டு. புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கறியும் கிடையாது, பாட்டிலும் கிடையாது. காவடிக்கு விரதம் எடுத்தாலும் அப்படியே. முன்னாடியே வாங்கிவைத்தது என்னாகும்? போர்ட்டரும் மில்க் ஸ்டவுட்டும் புதிதாகக் குடிக்க வேண்டியவை. கராஜில் முப்பது டிகிரி வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தால் முதலில் மங்குவது அந்தக் கடலை மணம்தான், அப்புறம் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். விரதத்துக்கு முன் முடித்துவிடுங்கள், அல்லது விரதம் முடிந்து வாங்குங்கள். இம்பீரியல் மட்டும் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வருஷக்கணக்கில் தாங்கும். பழையதாக ஆக உலர்பழமும் ஷெரி ஒயின் வாசமும் ஏறும்.

ஆக, சாட்ஸ்வொர்த்திலோ உம்லாங்காவிலோ இன்றைக்குச் சாயங்காலம் கடைக்குப் போகிறவர் வேறெதையும் யோசிக்காமல் கேஸில் மில்க் ஸ்டவுட் டம்பி வாங்கலாம். குவார்ட் வேண்டாம், அது தீர்வதற்குள் கடைசிக் கிளாஸ் வாயு போய் சூடேறிவிடும். வார இறுதியில் மிட்லண்ட்ஸ் பக்கம் போகிறவர் போர்ட்டரை அங்கேயே குடித்துப்பார்த்து, பிடித்தால் வீட்டுக்கும் எடுத்துவரலாம். என்னைக் கேட்டால் கடலை மணத்தில் முதலிடம் அதற்குத்தான், மில்க் ஸ்டவுட் நெருங்கி நிற்கும் இரண்டாவது. நாலைந்து பேர் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால், போர்ட்டர், கின்னஸ், மில்க் ஸ்டவுட், இம்பீரியல் என்ற வரிசையில் ஊற்றுங்கள். இனிப்பை முதலில் குடித்துவிட்டால் போர்ட்டர் வெறும் கசப்பாகத் தெரியும். ஆளுக்கு நூறு மில்லிக்கு மேல் வேண்டாம், நடுவில் தண்ணீர் குடியுங்கள். நட்ஸ் சேர்த்த இம்பீரியல் வாங்கியிருந்தால், கூட்டத்தில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று மூடியைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.